இரண்டு கதவு வைத்த கூண்டு

சேவூரில் மாணிக்கவேல் வீடு எது என்று கேட்டால், "வாத்துக்காரரா?" என்று திருப்பிக் கேட்பார்கள். மனுஷருக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். முப்பத்தாறு வருஷமாகப் பட்டு நெய்கிறவர். அவர் நெய்த சேலையைக் கட்டிக்கொண்டு எத்தனையோ பெண்கள் மணவறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதெல்லாம் ஊருக்கு ஞாபகமில்லை. நாலு வாத்து வந்ததும் முப்பத்தாறு வருஷமும் அடிபட்டுப் போய்விட்டது. ஊர் என்றால் அப்படித்தான்.

வாத்து வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் அவர் மனைவி உண்ணாமலை ஊரை விட்டுப் போன கதையில் தொடங்க வேண்டும். அது இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆவணி. பிரசவத்துக்கு வந்திருந்த மகள் கீதா, கைக்குழந்தை நிலாவோடு பெங்களூர் திரும்பினாள். துணைக்குத் தாயும் கிளம்பினாள். மூன்று மாசம் என்றுதான் பேச்சு. மூன்று மாசம் முடிகிற நேரத்தில் கீதா மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினாள். மருமகன் ராஜ்குமாருக்கும் ஆபீஸ். குழந்தையை யாரிடம் விடுவது? அதற்கப்புறம் யாரும் மாசத்தைப் பற்றிப் பேசவில்லை. பொங்கலுக்கு எல்லோரும் காரில் வந்தார்கள், இரண்டு நாள் இருந்தார்கள், எல்லோரும் காரில் போனார்கள்.

முதல் தடவை கிளம்பும்போது அவள் கணவரிடம் ஒப்படைத்தது ஆறு பெட்டைக் கோழியும் ஒரு சேவலும். ஒரு பெட்டை, கலசப்பாக்கத்தில் அவள் பிறந்த வீட்டிலிருந்து குஞ்சாகக் கூடையில் வந்தது. அதற்குப் பெயரே கலசப்பாக்கத்தாள். "இவள மட்டும் நல்லா பாத்துக்கோங்க. மத்ததுங்க எப்படியோ பொழைச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். கணவர் அந்த இரண்டில் எதில் சேர்த்தி என்று சொல்லவில்லை.

முன்பெல்லாம் தறிக்கூடத்தில் இரண்டு சத்தம் இருக்கும். அவர் நாடா ஓட்டுவார். பக்கத்தில் ராட்டினத்தில் அவள், நாடாவுக்குள் வைக்கிற ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றித் தருவாள். கை சுற்றும், வாயும் சுற்றும். அவர் பாதி கேட்பார், பாதி கேட்கமாட்டார். இப்போது காலையில் அவரே உட்கார்ந்து அன்றைக்கு வேண்டிய தாரைச் சுற்றி வைத்துக்கொண்டு, அப்புறம் தறிக்குழியில் இறங்குகிறார். நெய்துகொண்டிருக்கும்போது ஏதோ ஒன்று தோன்றும். சொல்லலாமென்று இடது பக்கம் திரும்புவார். ராட்டினம் சுவரோரமாக நிற்கும். தனிமை என்ற சொல்லை அவர் வாழ்நாளில் வாயால் சொன்னதில்லை. ஆனால் அது அவருக்கு இருந்தது, பல்வலி மாதிரி, நாள் முழுக்க, வெளியே தெரியாமல்.

சாயங்காலம் ஆறரைக்கு அவளிடமிருந்து போன் வரும்.

"கோழி அடைஞ்சிச்சா?"

"அடைஞ்சிச்சு."

"கலசப்பாக்கத்தா முட்ட வச்சாளா?"

"வச்சா."

"சாப்டீங்களா?"

"இனிமேதான்."

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது. ஒரே வீட்டில் இருந்தவரை பேசுவதற்கென்று விஷயம் தேட வேண்டியிருந்ததில்லை. பருப்பு வேகவில்லை என்பதே அரை மணி நேரத்துக்கு வரும். போனில் அப்படி வருமா? அவர் யோசிப்பதற்குள் அந்தப் பக்கம் குழந்தை அழும், "வெச்சிடறேன்" என்று வைத்துவிடுவாள். "நீ வந்துடேன்" என்று ஒரு சொல் அவர் தொண்டையில் இருந்தது. பெற்ற மகளுக்குச் செய்கிறவளை எப்படி வா என்று கூப்பிடுவது? அதோடு, ஐம்பத்தொன்பது வயதில் பெண்டாட்டியிடம் போய் அப்படிக் கேட்பதா என்று ஒரு வீம்பும் இருந்தது. வீம்புக்கு அவரிடம் ஒரு நாளும் பஞ்சமில்லை.

போன மாசியில் அறுப்பு முடிந்த கழனிகளில் வாத்து மேய்க்கிறவர்கள் வந்து இறங்கினார்கள். ஆயிரக்கணக்கான வாத்துகள். சிந்திய நெல்லையும் நத்தையையும் தின்றுகொண்டே ஊர் ஊராக நகரும் கூட்டம் அது. மாணிக்கவேல் சைக்கிளை நிறுத்திவிட்டு வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார். மேய்ச்சல்காரன் வேலு ஒரு கூடையைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு ஆண் வாத்தும் மூன்று பெட்டை வாத்தும் உட்கார்ந்திருந்தன.

"கால் வலிச்சி பின்னாடியே நின்னுடுதுங்க. கூட்டத்தோட நடக்க முடியல. ஊட்டுல வெச்சா நல்லா முட்ட வெக்கும். எடுத்துகினு போறீங்களா?"

வாத்து வளர்க்க வேண்டுமென்ற ஆசையெல்லாம் அவருக்குக் கிடையாது. சாயங்காலம் ஆறரைக்குச் சொல்வதற்கு ஒரு சேதி கிடைத்தது. அதற்காகத்தான் வாங்கினார்.

"வாத்து வாங்கிகினு வந்துட்டேன்" என்றார் போனில்.

"இன்னாது?"

"வாத்து. நாலு."

உண்ணாமலை முதலில் சிரித்தாள். அப்புறம் திட்டினாள். அப்புறம் என்ன நிறம், எங்கே வாங்கினீர்கள், யார் சொல்லிக் கொடுத்த புத்தி இது என்று கேட்டுக் கேட்டு, குழந்தை அழுததையும் பொருட்படுத்தாமல் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பேசினாள். "என் கோழிங்களோட மட்டும் சேத்து அடைக்காதீங்க" என்று கடைசியில் எச்சரித்தாள். போனை வைத்தபோது அவர் காது சூடாகியிருந்தது. அன்றைக்கு அவர் வெகு சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

கோழிகளோடு சேர்க்காமல் வேறு எங்கே அடைப்பது? இருந்தது ஒரே கூண்டு. கிணற்றடிச் சுவரை ஒட்டிச் செங்கல்லால் கட்டியது. குறுக்கே இரண்டு மூங்கில் கழிகள். கோழிகள் அதில் ஏறிக்கொள்ளும், வாத்துகள் தரையில் கிடக்கும், மேலே அவர்கள் கீழே இவர்கள், சண்டை ஏது என்று நினைத்தார். வாத்துக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் ஆகாது என்று ஒரு பிளாஸ்டிக் பேசினில் தண்ணீரும் வைத்தார். வாத்து தண்ணீரைக் குடிக்கவா செய்கிறது? தலையை முக்கும், உதறும், அலகைக் கழுவும், அதிலேயே கழியும். விடிந்து பார்த்தால் தரை சேற்றுக் கழனியாக இருந்தது. நாலாம் நாள் நெடி கண்ணைக் கரித்தது.

அன்று சாயங்காலம் அவர் போனோடு பின்கட்டில் நின்றபோது உண்ணாமலை சட்டென்று பேச்சை நிறுத்தினாள்.

"அது யாரு தும்மறது?"

"யாரும் இல்லியே."

"பொய் சொல்லாதீங்க. என் கோழி தும்முது. ஈரத்துல அடைச்சீங்களா? உள்ள தண்ணி வெச்சீங்களா?"

வைத்ததை ஒப்புக்கொண்டார். தண்ணீரை வெளியே எடுங்கள், ஈரத்தை வாரிக் கொட்டிவிட்டு நல்ல உமியாகக் கெட்டியாகப் போடுங்கள் என்றாள். உமிக்குக் களம்பூர் ரைஸ் மில்லுக்குத்தான் போக வேண்டும். அவருக்கோ முகூர்த்தச் சேலை ஒன்று தறியில் முக்கால் ஆகியிருந்தது. அரைநாளைக் கெடுத்துக்கொள்ள மனசில்லை. தறிக்கூடத்து மூலையில் இரண்டு மூட்டை கழிவு நூல் கிடந்தது. அறுந்தது, சிக்கானது, பாவு முடிந்து வெட்டிப் போட்ட நுனி எல்லாம் சேர்ந்தது. மெத்தென்று இருந்தது. அந்த வீட்டில் தலையணைக்குள்ளேயே அதுதான் இருக்கிறது. மனுஷன் தலைக்கு ஆகிறது வாத்துக்கு ஆகாதா என்று இரண்டு மூட்டையையும் கூண்டில் விரித்துவிட்டார். நெசவுக்காரர் வீட்டைத் தவிர வேறெங்கும் இந்த யோசனை யாருக்கும் தோன்றியிருக்காது.

கூண்டு இரண்டு நாள் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் காலையில் ஒரு பெட்டை வாத்து மட்டும் வெளியே வராமல் கழுத்தை நீட்டியபடி நின்றது. அலகின் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பு நூல் தொங்கியது. வாத்து எதையும் அலகால் அலசிப் பார்க்கிற ஜீவன். சேற்றை அலசுவதுபோல நூலையும் அலசி விழுங்கியிருக்கிறது. அங்கேதான் அவருடைய கை அவரைக் கவிழ்த்தது. தொங்குகிற நூல் நுனியைக் கண்டால் நெசவுக்காரனுடைய விரல் யாரையும் கேட்காது. இழுத்தார். வந்தது. இன்னும் இழுத்தார். வாத்து ஒரு தடவை உடம்பைக் குலுக்கிக்கொண்டது. நூலோடு ரத்தம் வந்தது.

வாத்தைக் கூடையில் வைத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். டாக்டரம்மா இளம் பெண். வாயைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இழுத்தீங்களா?"

"இழுத்துட்டேன்மா."

"இழுக்கவே கூடாதுங்க. உள்ள சுத்திகினு இருக்கறத இழுத்தா கொடல அறுத்துடும். எங்கிருந்து வந்துச்சு நூலு?"

"கீழ விரிச்சிருந்தேன்."

"நூலையா?" என்றாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்து, திட்ட வந்ததை நிறுத்திக்கொண்டாள். "வீட்டுக்குப் போனதும் மொத்தத்தையும் வாரிடுங்க. மத்த பறவைங்க காலையும் பாருங்க."

வாத்து ஆஸ்பத்திரி மேஜையிலேயே செத்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். கலசப்பாக்கத்தாளின் வலது கால் நடுவிரலில் பட்டு நூல் இறுகி, விரல் கறுத்திருந்தது. மறுபடி ஆஸ்பத்திரி. விரல் போயிற்று, கோழி பிழைத்தது. வாத்தைப் பப்பாளி மரத்தடியில் புதைத்துவிட்டுக் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து அழுதார். வாத்துக்காக மட்டும் அழுதார் என்று சொல்ல முடியாது.

உண்ணாமலையிடம் சொல்லவில்லை. உமி போடச் சொன்னவளிடம் நூல் போட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? வீடியோவில் கோழியைக் காட்டச் சொன்னால் மார்புக்கு மேலே மட்டும் காட்டுவார். வாத்தெல்லாம் கழனிப் பக்கம் மேய்கிறது என்பார். ஒரு பொய்யைக் காப்பாற்ற இந்த மனுஷர் பட்ட பாட்டில் இன்னொரு சேலை நெய்திருக்கலாம்.

ஆனால் கூண்டை ஒழுங்காகக் கட்டுவதென்று முடிவு செய்தார். அந்தப் பங்குனி சித்திரை இரண்டு மாசமும்தான் அவருக்கு நல்ல காலம். கட்டுகிற கை இங்கே, கட்டச் சொல்கிற வாய் பெங்களூரில். போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொள்வார்.

"வாத்துக்குத் தனி ரூம்பு. நடுவுல செவுரு எழுப்புங்க. கதவும் தனித்தனியா வெய்ங்க."

"ஒரே கதவுல ரெண்டும் போவாதா?"

"போவாது. கோழிய விடியக்காலம் தொறந்து உடணும். வாத்து அப்பதான் முட்ட வெக்கும். அத ஒம்போது மணிக்கு மேலதான் உடணும். முன்னாடியே உட்டா கழனியில போய் வெச்சிட்டு வரும்."

வாத்தின் அறையில் தரையைச் சரிவாகப் பூசினார். கழி இல்லை, படி இல்லை, வலிக்கிற காலால் நேராக நடந்து போகிற மாதிரி வாசல். கோழியின் அறையில் கழிகளை உயர்த்தினார். மேலே இரண்டு அறைக்கும் காற்றுப் போக இடம் விட்டு, கீரி நுழையாமல் கம்பிவலை அடித்தார். தண்ணீர்த் தொட்டியைக் கூண்டிலிருந்து பத்தடி தள்ளி, தலை முங்குகிற ஆழத்துக்குப் புதைத்தார். வழிகிற தண்ணீரை வாழைக்கு வெட்டிவிட்டார். டிவிஎஸ் வண்டியில் களம்பூர் போய் மூட்டை மூட்டையாக உமி கொண்டுவந்தார். உமியில் கையை விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் மேலே இன்னொரு படி போடுவது என்று பழகிக்கொண்டார். ஒவ்வொரு செங்கல்லுக்கும் ஒரு பேச்சு இருந்தது. தாழ்ப்பாள் உள்ளேயா வெளியேயா என்று இரண்டு நாள் சண்டை போட்டார்கள். அப்படி ஒரு இன்பமான சண்டை அவர் போட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

வைகாசியில் கூண்டு முடிந்தது. தும்மல் இல்லை, நாற்றம் இல்லை, வாத்து முட்டை தினம் இரண்டு. சொல்வதற்குத்தான் ஒன்றுமில்லாமல் போயிற்று.

"கோழி அடைஞ்சிச்சா?"

"அடைஞ்சிச்சு."

"வாத்து?"

"அதுவும்."

ஆனி கடைசியில் அவளாகவே சொன்னாள். "ஆடியில கூழ் ஊத்தறதுக்கு வரேன். நான் மட்டும். கீதா ஊட்லேருந்தே வேல பாக்கறாளாம் ஒரு வாரம்."

நான் மட்டும் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் ஒரு மாசம் வாழ்ந்தார். வந்து பார்க்கட்டும். இப்படி ஒரு பின்கட்டைப் பார்த்த பிறகு விட்டுப் போக அவளுக்கு மனசு வருமா? கூண்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். அடுப்படியைக் கழுவினார். ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டார். இந்தத் தடவை "இருந்துடேன்" என்று கேட்டே விடுவது என்று தறியில் உட்கார்ந்து வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

அவள் வந்தாள். பையை வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே பின்கட்டுக்குப் போனாள். கலசப்பாக்கத்தாளை அள்ளிக்கொண்ட மறுகணமே விரல் இல்லாததைப் பார்த்துவிட்டாள். வாத்தையும் எண்ணினாள்.

"நாலுன்னீங்களே?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். நூலை, சிவப்பு நுனியை, தான் இழுத்ததை. கோபித்துக்கொள்வாள் என்று நின்றார். அவள் கோழியை இறக்கிவிட்டு, "தனியா இதெல்லாம் பட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு வாத்தறைக்குள் குனிந்து உமியில் முழங்கை வரை கையை விட்டாள், எடுத்து முகர்ந்தாள். "காஞ்சிதான் கீது. நான் கட்டிருந்தாகூட இப்படி கட்டிருக்க மாட்டேன்" என்றாள். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வாத்து முட்டையில் குழம்பு வைத்து அவரே பரிமாறினார். சாப்பிட்டுக்கொண்டே அவள் சொன்னாள்.

"அங்க கதவ சாத்திகினா பேச ஆள் இல்லீங்க. பால்கனிக்கு ஒரு புறா வருது. அதுங்கிட்டதான் பேசிகினு இருப்பேன்."

"புறா எச்சம் நாறுமே" என்றார் அவர். அவள் சொன்னது என்ன என்று ஒரு வினாடி நின்று கேட்டிருக்கலாம். அவர் மனசு முழுக்கத் தான் கேட்க வேண்டிய கேள்வியிலேயே இருந்தது. அதனால் எதிரில் இருந்தவள் பேசியது காதில் ஏறவில்லை.

கூழ் ஊற்றி முடிந்த மறுநாள் மத்தியானம் அவர் கேட்பதற்கு வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"கீதா கேட்டுகினே கீறா. நிலா ஸ்கூலு சேர்றவரைக்கும் இன்னும் ரெண்டு வருசம் இருக்க முடியுமான்னு. நான் பதில் சொல்லல. நீங்க இங்க இன்னா தின்றீங்க, எப்படி கீறீங்கன்னு எனக்கு தெனம் அதே ரோசனை. இங்க பேஜாரா இருந்தா, கொழந்தைக்கு ஆள் வெச்சுக்கோன்னு அவளுக்கு சொல்லிடலாம்னுதான் வந்தேன். வந்து பாத்தா, என்னைவிட நல்லா வெச்சிருக்கீங்க. எனக்கு மனசு ஆறிப்போச்சு."

அவர் பின்கட்டுப் பக்கம் பார்த்தார். சுண்ணாம்பு வெள்ளையில் கூண்டு பளிச்சென்று இருந்தது. அதை இப்படிக் கட்டிய கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"எனக்கின்னா கொறச்சல்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆரணி பஸ் ஸ்டாண்டில் வேலூர் வண்டியில் இடம் பிடித்துக் கொடுத்தார். வேலூரில் இறங்கிப் பெங்களூர் வண்டி மாற வேண்டும். உமி நிரப்பிய வாளியில் முட்டை புதைத்து அவள் காலடியில் வைத்தார். வண்டி உறுமத் தொடங்கியதும் அவள் ஜன்னலில் குனிந்தாள்.

"நெஜமா சொல்லுங்க. நான் இல்லாம கஷ்டமா இருக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கோழி வாத்து வேலையே செரியா இருக்குது. நீ பத்திரமா போ" என்றார். வீம்பு எப்போதும் போல முன்னால் வந்து நின்றுகொண்டது. அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி பத்து தாண்டியிருந்தது. அடைத்தபடியே இருந்த வாத்துகள் கத்திக்கொண்டிருந்தன. திறந்துவிட்டார். மூன்றும் அவரைத் திரும்பிப் பார்க்காமல் தொட்டிக்கு ஓடின. அவர் அன்றைக்குத் தறியில் இறங்கவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டே இருந்தார். உச்சி வெயில் வந்தது. கீரி புகுந்துவிட்டது என்று சொன்னால் என்ன? கலசப்பாக்கத்தாளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, எனக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை, நீ வந்தால்தான் ஆகும் என்று சொன்னால்? போனை எடுத்து அவரே கூப்பிட்டார். இரண்டு வருஷத்தில் அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"இன்னாங்க? இன்னா ஆச்சு?" அவள் குரல் பதறியது.

அவர் வலையைப் பார்த்தார். ஒரு கம்பி பிசகாமல் இருந்தது. கோழி மண்ணில் புரண்டுகொண்டிருந்தது. பொய் வரவில்லை.

"ஒண்ணும் ஆவல. இங்க எல்லாம் நல்லாதான் கீது" என்றார். "என்னாலதான் முடியல, உண்ணாமலை. நீ வந்துடேன்."

அந்தப் பக்கம் பெங்களூர் பஸ் இரைந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"இதுக்குதான் நாலு நாளா உங்க மூஞ்சியப் பாத்துகினு இருந்தேன்" என்றாள். "நேத்து ராத்திரியே கீதாவுக்கு சரின்னுட்டேன். வண்டி ஆம்பூர் தாண்டிடுச்சுங்க."